மூக்கு அறுவை சிகிச்சை: கேட்பதும் கிடைப்பதும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்க வரும் கூட்டத்தில், மணப்பெண்ணை மெச்ச வேண்டுமென்றால் இன்றும் 'மூக்கும் முழியுமா இருக்கா' என்பார்கள். சப்பை மூக்குக்காரிக்கும், மூக்கின் நடுவில் மேடு தட்டியவனுக்கும் அந்தப் பாராட்டு வாய்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மனத்தாங்கலைக் காசாக்கும் மூக்கு அறுவை சிகிச்சை விளம்பரங்கள் இப்போது கைப்பேசிக்குள்ளேயே வருகின்றன. அதே சிகிச்சையின் இன்னொரு பக்கம் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்திலேயே, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

வடசென்னைப் பெரியவர்களுக்கு அது இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்கி, 1938-இல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த இடம். பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சைப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் இங்கே ஒன்றாக இயங்குகின்றன. 2018 பிப்ரவரியில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகத் தரும் பிரிவை அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் இங்கே தொடங்கி வைத்தார். உயிர் காக்கப் போக வேண்டிய பணம் அழகுக்குப் போகலாமா என்று கேள்வி எழுந்தது. பணக்காரர்களுக்கு மட்டும்தான் அழகு சிகிச்சையா என்றது அரசுத் தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மூக்கு விஷயத்தில் இந்த வழக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் தேவை எங்கே முடிந்து அழகு எங்கே தொடங்குகிறது என்று மூக்கில் கோடு கிழிக்க முடியாது.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப்போய் பைக்கோடு விழுந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். எலும்பு உடைந்து மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே இரு துவாரங்களையும் பிரிக்கும் தண்டு வளைந்து, இரவெல்லாம் வாயால் மூச்சு விடுகிறான். அந்தத் தண்டை நிமிர்த்தாமல் வெளிமூக்கை நிமிர்த்த முடியாது. இது மூச்சுக்கான சிகிச்சையா, முகத்துக்கானதா? இரண்டுக்கும்தான். காப்பீட்டுக் கம்பெனியோ ஒன்றைத்தான் ஒத்துக்கொள்ளும். விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் பணம் உண்டு, தோற்றத்துக்காக என்றால் கிடையாது. பில்லில் ஜிஎஸ்டி ஏறுவதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கலை பிறந்ததே சீரமைப்புக்காக. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் சீராக்கும் முறையைச் சுசுருத சம்கிதை சொல்கிறது. 1792 போரில் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர் கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர். செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர் பூனா அருகே அவருடைய நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். 1794-இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' அதைப் படத்தோடு வெளியிட்டது. 20 ஆண்டுகள் கழித்து அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ அங்கே அதையே செய்து காட்டினார். புற்றுநோயில் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் அந்த முறை கைகொடுக்கிறது. இல்லாத மூக்கை வைத்துக் கொடுத்தால் நன்றிதான் மிஞ்சும். இருக்கிற மூக்கைத் திருத்தும்போதுதான் எதிர்பார்ப்பு குறுக்கே வந்து நிற்கிறது.

வேலை நடப்பது பெரும்பாலும் முழு மயக்கத்தில். துவாரங்களுக்கு உள்ளேயோ, இரண்டுக்கும் நடுவில் சிறு கீறலிட்டோ தோலைத் தூக்குவார்கள். மேட்டை ராவுவார்கள், எலும்பை உடைத்து நெருக்குவார்கள். சப்பையான இடத்தை, மூக்குத் தண்டிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பை வைத்து உயர்த்துவார்கள். மூக்கின்மேல் ஒரு வாரம் கெட்டிக் கட்டு. கண்ணைச் சுற்றிய கன்றல் மறைய ஏறக்குறைய இரண்டு வாரம். மூக்குக் கண்ணாடியைச் சில வாரங்கள் மறந்துவிட வேண்டும். இவ்வளவும் விளம்பரத்திலேயே இருக்கும். அதில் இல்லாத செய்தி, நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகும் என்பது. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது செய்துகொண்டால், கல்யாண ஆல்பத்தில் பதிவது வீக்கம் வடியாத மூக்குதான்.

நம்மவர்கள் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிமன். உள்ளே எத்தனை நுணுக்கமாகச் செதுக்கினாலும், கம்பளி போர்த்திய சிலைபோல வெளியே பாதிதான் தெரியும். கம்ப்யூட்டரில் காட்டும் 'சிகிச்சைக்குப் பின்' படத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது தோலே இல்லாத மூக்கு. மறு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் 100-க்கு 5 முதல் 15 பேர் என்பது மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதிகம் ராவிவிட்டால் மூக்கு கூராகும், மூச்சு அடைக்கும்.

சென்னையில் பிறந்த நடிகை ஸ்ருதி ஹாசன் மூக்கைத் திருத்திக்கொண்டதை மறைக்கவில்லை. தண்டு வளைவு இருந்தது உண்மை, அதோடு அழகாகவும் ஆக்கிக்கொண்டேன் என்று வெளிப்படையாகப் பேசினார். மூக்கைப் பற்றிய பேச்சில் இவ்வளவு நேர்மை அபூர்வம். பிரியங்கா சோப்ராவின் கதை வேறு. மூக்கினுள் இருந்த சதை வளர்ச்சியை எடுக்கப் போனபோது மூக்கின் மேற்பகுதி சரிந்து, முகமே மாறி, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டி வந்ததை 2021-இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். அழகுக்காகப் போகாதவருக்கும் கத்தி தவறலாம்.

கத்தியே வேண்டாம், ஊசியிலேயே மூக்கைத் தூக்கலாம் என்று ஃபில்லர் எனும் நிரப்பு மருந்து விற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அறுவை சிகிச்சையைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து தவறிக் குழாய்க்குள் இறங்கினால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளும் ஊசியல்ல இது.

மேட்டைக் குறைக்க வேண்டும், கோணலை நிமிர்த்த வேண்டும், மூச்சு சீராக வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுப் போகிறவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கைகொடுக்கிறது. ஒரு நடிகையின் படத்தை நீட்டுகிறவர்களுக்கு ஏமாற்றம் அதிகம். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தேடுகிறவர்களை நல்ல மருத்துவர் முதலில் மனநல ஆலோசனைக்குத்தான் அனுப்புவார். சிகிச்சைக்குப் போவதானால், மருத்துவருக்கு எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியோ காது மூக்கு தொண்டை மேற்படிப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் கைபட்ட மூக்குகளை ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.