ராடு தலையாட்டுது, அண்ணா!

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் கிரானைட் குவாரியில் ஓடும் ஜாக்ஹாமரின் சக்கில் ஆறு வாரமாக ஒரு மாற்று புஷ் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஒரிஜினல் இல்லை. பெட்டியில் ஹாலோகிராம் ஒட்டி வரும் வெளிச்சரக்கு. 22 மி.மீ. அறுகோண ராடு, 108 மி.மீ. ஷாங்க், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,000 அடி. இதெல்லாம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

நான் கவனித்தது ஆட்டம் ஒன்றைத்தான். புது புஷ்ஷில் ராடைச் செருகிக் கையால் அசைத்தால் கொஞ்சம் அசைய வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அந்த அசைவு கூடிவிட்டால் ராடு சாய்ந்து நிற்கும். பிஸ்டன் என்னவோ நேராகத்தான் வரும். அடி ஷாங்கின் ஓரத்தில் விழும். ராடை உருவி, ஷாங்கின் முகத்தைக் கழிவுத் துணியால் துடைத்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கினால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி மினுங்கினால் புஷ்ஷை மாற்ற வேண்டியதுதான். இன்னும் ஒரு வாரம் தள்ளலாம் என்று கஞ்சத்தனம் பண்ணினால் பிஸ்டன் முனை பெயரும். பண்ணியிருக்கிறேன், பெயர்ந்திருக்கிறது. அந்தக் காசுக்கு எத்தனையோ புஷ் வாங்கியிருக்கலாம்.

இதற்கு முன் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய புஷ்தான் போட்டிருந்தோம். அளவு சுத்தமாக இருந்தது, ஆனால் அரத்தை வைத்தால் அப்படியே இழைத்தது. பத்தே நாளில் பிறை தெரிந்தது. புதியதன் மேல் அரம் வழுக்குகிறது. ஆறாவது வாரத்திலும் முழு முகம் மினுங்குகிறது. லூப்ரிகேட்டரில் எண்ணெய் தீராமல் பார்த்துக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் எந்தப் புஷ்ஷும் கருகும். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கும் வேலையில், துளை தொடங்கும்போது ராடு அலையாமல் நிற்பதே பெரிய நிம்மதி.

பழையதைக் கழற்றத்தான் மெனக்கெட வேண்டும். சம்மட்டியால் தட்டினால் சக் விரிசல் விடும். எங்கள் மெக்கானிக் சக்கைத் தனியே எடுத்து, புஷ்ஷின் உள்பக்கம் வெல்டிங்கில் ஒரு கோடு இழுத்து ஆறவிடுவார். ஆறும்போது புஷ் சுருங்கி நழுவிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வித்தை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். பெட்டியில் ஹாலோகிராம் இருக்கிறது, பளபளப்பான படம் இருக்கிறது. புஷ்ஷின் உடம்பில் ஒரு எண் கூட இல்லை. எங்கள் மிஷினுக்கு 22, 25 இரண்டு அளவு புஷ்ஷும் வரும். வெளி விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. கிரீஸ் பூசி ஒரே டப்பாவில் கிடந்தால் அவசரத்தில் யார் கண்டது? இரண்டாவது மிஷினில் 25-ஐ ஏற்றிவிட்டோம். அதில் 22 ராடைப் போட்டு ஓட்டத் தொடங்கியதும் டிரில்லர் கையைத் தூக்கிக் கத்தினார்: "அண்ணா, ராடு தலையாட்டுது!" ஏர் வால்வை மூடுவதற்குள் ஷாங்கின் ஓரம் நசுங்கிவிட்டது. அரை நாள் வேலை போச்சு.

பார்சலோடு நன்றி அட்டை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு இலக்கம் பொறிக்க என்ன கஷ்டம்? நாமே குத்திக்கொள்ளலாம் என்றால், கடினப்படுத்திய இரும்பில் நம்பர் பஞ்ச் இறங்குவதில்லை.

அடுத்த ஆர்டரும் இவர்களுக்கே கொடுத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்ததும் 25-க்கு ஒரு பொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்துத்தான் டப்பாவில் போடுகிறோம்.