ஏற்றமும் இறக்கமும்

சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றில் கதாநாயகனைச் சைக்கிளில் மலைக்கு அனுப்பினேன். காதலியைப் பார்க்கப் போகிறவன் அல்லவா? பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒரே பாராவில் உச்சிக்குப் போய்விட்டான். கதை வெளிவந்த வாரம் ஒரு வாசகரிடமிருந்து கார்டு வந்தது. மலையடிவாரத்து ஊரில் தபால் கொடுக்கிறவராம். "ஐயா, அந்த மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். அப்போது பாட்டு வராது. மூச்சுத்தான் வரும்" என்று எழுதியிருந்தார்.

சிரித்துவிட்டுக் கார்டை மேஜைக்குள் போட்டுவிட்டேன். 'ஃபுல் டில்ட்' என்ற புத்தகத்தைப் படித்து முடித்த அன்று அதைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

ஐர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி என்ற மாது எழுதிய புத்தகம் அது. பிரயாணம் நடந்தது 1963-ல். புத்தகம் வெளிவந்தது 1965-ல். பிரயாண நூல்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு திறப்பது என் வழக்கம். 'வானளாவிய மலை', 'சலசலத்து ஓடும் நதி' என்ற இரண்டும் கைவசம் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்தபடியே இமயமலைக்குப் போய் வந்துவிடலாம் என்பது தொழில் ரகசியம். இந்தப் புத்தகத்தில் அந்த வேலை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. தெற்கு ஐர்லாந்தில், பிளாக்வாட்டர் நதிக்கரையில், லிஸ்மோர் என்று ஒரு சிற்றூர். 1931-ல் அங்கே பிறந்தவர் மர்ஃபி. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பூகோளப் படப் புத்தகமும் பரிசாக வந்தன. சில தினங்களில் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் மிதித்துப் போகையில் அந்தச் சிறுமி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இப்படியே விடாமல் மிதித்தால் ஒரு நாள் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று தோன்றிற்று.

குழந்தைகளுக்குத் தோன்றாதது எது? ஆனால் இந்தக் குழந்தை அதை மறக்கவில்லை. பதினான்காம் வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டு வாதத்தால் முடங்கிய தாயாரைக் கவனிக்க வீட்டோடு நின்றுவிட்டார். இடையிடையே கிடைத்த சின்னப் பிரயாணங்கள் தவிர, பதினாறு வருஷம் அந்தப் படுக்கையருகேதான் கழிந்தது. 1961-ல் தகப்பனார் போனார். 1962-ல் தாயார் போனார். 1963 ஜனவரியில், ஐரோப்பாவே பனியில் உறைந்து கிடந்த குளிர்காலத்தில், மகள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

என் போன்றவர்கள் கையில் இந்தப் பதினாறு வருஷம் கிடைத்திருந்தால் நூறு பக்கம் அழுதிருப்போம். மர்ஃபி இந்தப் புத்தகத்தில் அதைக் கிளறவே இல்லை. 1979-ல் வந்த சுயசரிதையில்தான் விவரமாகச் சொல்லுகிறார். யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் மேலே பாய்ந்து, கைத்துப்பாக்கியால் சுட்டுத் தப்பினாரே, அந்தச் சம்பவமாவது கதையின் உச்சக் கட்டமாக வருமா என்று பார்த்தால், அதுவும் முன்னுரை போன்ற முதல் அத்தியாயத்தோடு தீர்ந்துவிடுகிறது. டெஹரானுக்குப் பிறகுதான் தினசரிக் குறிப்பே ஆரம்பம். அங்கிருந்து நாம் எதிர்பார்க்கிற இடத்தில் எதுவும் நடப்பதில்லை. நடக்கிற இடத்தில் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. வாழ்க்கை மாதிரியே இருக்கிறது.

சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் ராஸ். டான் குவிக்ஸாட்டின் கிழட்டுக் குதிரையான ரோஸினான்டேயின் சுருக்கம். ஆசியாவின் ரோடுகளுக்குத் தாங்காது என்று அதிலிருந்த கியரைப் புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். மலைக்குப் போகிறவர் கியரைக் கழற்றுவதாவது என்று சைக்கிள் பழகியவர்கள் கேட்கலாம். கெட்டுப்போகக்கூடிய சௌகரியத்தைவிடக் கெட்டுப்போகாத சிரமம் மேல் என்பது அவர் கணக்கு.

ஜெரோம் கே. ஜெரோம் 1900-ல் 'த்ரீ மென் ஆன் தி பம்மல்' என்று ஒரு நகைச்சுவை நாவல் எழுதினார். மூன்று நண்பர்கள் ஜெர்மனியில் சைக்கிளோடு சுற்றுகிற கதை. சைக்கிள் விளம்பரப் படங்களில் வருகிறவர்கள் யாருமே மிதிப்பதில்லையே என்று அதில் கேலி செய்கிறார். என் கதாநாயகன் அந்த விளம்பரப் படத்திலிருந்து இறங்கி வந்தவன் என்று இப்போது தெரிகிறது. மர்ஃபியின் புத்தகத்திலோ ஆரம்பம் முதல் கடைசி வரை மிதிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், சுமக்கிறார்கள்.

புத்தகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்லுவேன். முதலாவது, ராவல்பிண்டியிலிருந்து கில்கிட்டுக்குப் போகிற கட்டம். அங்கே அவர் விமானத்தில் ஏறுகிறார். ஜன்னலுக்கு வெளியே நங்க பர்வதம். 8,126 மீட்டர் உயரமுள்ள மலை. நானாக இருந்தால் அங்கேதான் 'வானளாவிய'வை எடுத்து விட்டிருப்பேன். மர்ஃபிக்கோ குற்ற உணர்ச்சி வருகிறது. இந்தக் காட்சியைப் பார்க்க நான் என்ன பாடுபட்டேன், ஒன்றும் செய்யாமல் மேலேயிருந்து பார்ப்பது ஏமாற்று அல்லவா என்று வெட்கப்படுகிறார்.

இரண்டாவது இடம், அந்தக் கடனைத் தீர்க்கிற இடம். கில்கிட்டிலிருந்து சிந்து நதிப் பள்ளத்தாக்கோடு சிலாஸுக்கு வருகிறார். ஜூன் மாதம், இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை, அடுப்புக்குள் நடப்பது போன்ற வெயில். வெயில் தாக்கிப் படுத்துவிடுகிறார். எழுந்ததும் பாபுசர் கணவாய். சிலாஸ் ஏறக்குறைய 4,100 அடி உயரத்தில் இருக்கிறது. கணவாய் ஏறக்குறைய 13,700 அடி. கீழே வெயிலில் வெந்தவர் மேலே உருகாத பனியில் கால் புதைய நடக்கிறார். இதுவரை சைக்கிள் அவரைச் சுமந்து வந்தது. இப்போது அவர் சைக்கிளைச் சுமக்கிறார்.

நதிப் பள்ளத்தாக்கின் வழியே மலையேறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் காலோடு தெரியும். நதிக்கு எதிர்த்திசையில் போகும் வரையில் ஏற்றம். கணவாயைத் தாண்டியதும் வேறொரு நதி வந்து கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போகிறது. பாபுசருக்கு இந்தப் பக்கத்து நீரெல்லாம் சிந்துவுக்கு. அந்தப் பக்கத்தில் ககான் பள்ளத்தாக்கின் குன்ஹார் நதி. குன்ஹார் ஜீலத்தில் கலந்து, ஜீலம் செனாபில் கலந்து, எங்கோ சமவெளியில் மறுபடி சிந்துவிலேயே போய்ச் சேருகிறது. மலை பிரித்ததைச் சமவெளி சேர்க்கிறது. இதைவிட நல்ல கதையமைப்பு எந்த நாவலாசிரியனுக்கு வரும்?

இவ்வளவு புகழ்ந்த பிறகு, என்னை உறுத்தியதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆப்கானிஸ்தானத்தில் ஒரு பஸ்ஸில் நடந்த சச்சரவில் துப்பாக்கிக் கட்டை இடித்து மர்ஃபியின் விலா எலும்புகள் முறிகின்றன. அதற்காக அவர் அந்த நாட்டைக் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தையே ஆப்கானிய, பாகிஸ்தானிய மக்களுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு வணக்கம். ஆனால் அன்பு முற்றிப்போய், இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் மோட்டாரும் மேல்நாட்டு நாகரிகமும் வருகின்றனவே என்று வருந்தத் தொடங்கிவிடுகிறார். அங்கேதான் எனக்குப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போடத் தோன்றிற்று.

பார்க்கிற உரிமையைச் சிரமப்பட்டுச் சம்பாதிக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது வந்து போகிறவருடைய தர்மம். அங்கேயே இருக்கிறவனுக்கு ஏற்றம் ஒரு விரதமல்ல, விதி. அவன் மனைவிக்கு நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் கணவாயின் அழகு உதவிக்கு வராது. பதினாறு வருஷம் தாயாரின் படுக்கையருகே இருந்தவருக்கு வைத்தியர் வருகிற ரோட்டின் அருமை தெரியாதா? தெரியும். ஆனால் சைக்கிளில் ஏறியதும் சற்று மறந்துவிட்டார். விடுதலை கிடைத்தவர்களுக்கு வருகிற மறதி அது. குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை என்று சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சரித்திரம் சொல்லுகிறது. சிந்துவை ஒட்டிக் காரகோரம் நெடுஞ்சாலை போடப்பட்டு 1979-ல் முடிந்தது. அதே வருஷம் டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்துக்குள் புகுந்தன. அவர் சைக்கிளோடு போய் வந்த பாமியான் பள்ளத்தாக்கின் பெரிய புத்தர் சிலைகள் 2001-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வந்த பெரிய கேடு அவர் பயந்த திசையிலிருந்து வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அந்த ஊர்க்காரர்கள் ரொட்டியும் தேநீரும் கொடுத்து ஒரு வழிப்போக்கரை உபசரிப்பதைப் படிக்கும்போது, இவர்களில் எத்தனை வீடு மிஞ்சிற்றோ என்ற நினைப்பு கூடவே வருகிறது. எழுதியவர் அறியாமலே புத்தகத்தில் ஏறிக்கொண்ட துயரம் இது.

மர்ஃபி பிறகு எத்தனையோ மலைகளுக்குப் போனார். இரண்டு டஜன் புத்தகங்களுக்கு மேல் எழுதினார். 2022 மே மாதத்தில், தொண்ணூறு வயதில், அதே லிஸ்மோரில் காலமானார். எங்கே சுற்றினாலும் நதி தன் வழிக்கு வந்து சேருகிறது.

அந்தத் தபால்காரரின் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. இப்போது போடலாமென்றால் விலாசம் அழிந்துபோயிருக்கிறது. அடுத்த பதிப்பில் கதாநாயகனைச் சைக்கிளை விட்டு இறக்கித் தள்ளச் சொல்லியிருக்கிறேன். மூச்சு வாங்குகிறான், பாட்டு நின்றுவிட்டது. வழியில் ஒரு குடிசையில் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறான். முதல் பதிப்பில் அங்கே குடிசையே கிடையாது. அவன் போன வேகத்துக்கு எனக்கும் அது கண்ணில் படவில்லை.