கனவா? கருத்தா?

கனவிலே பிறந்ததாம் கடையடைப்பு! மேடையிலே முழங்குகிறார்கள், வகுப்பறையிலே மாணவரும் அதையே ஒப்புவிக்கிறார்கள். 1919 மார்ச்சில் சென்னைக்கு வந்த காந்தியார் உறங்கினாராம், விடியுமுன் வழி தெரிந்ததாம், நாடே கதவடைத்ததாம். கேட்க இனிய கதைதான். ஆனால், காந்தியாரே எழுதிய ‘சத்திய சோதனை’ இக்கதைக்கு இடந்தருகிறதா? ஏட்டைப் புரட்டுவோம், தோழர்களே!

மயிலைக்கு அருகே கதீட்ரல் சாலையில், ‘இந்து’ நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்காருக்கு உரிய வீடு அது. குடியிருந்தவர் இராசகோபாலாச்சாரியார். அவருடைய விருந்தினர் தாம் என்பதையே இரண்டொரு நாள் கழித்து, மகாதேவ தேசாய் சொல்லித்தான் காந்தியார் அறிந்தார். அந்த வீடு இன்றில்லை. அங்கு நடந்தது நூலின் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது.

நடந்தது என்ன? நாள்தோறும் ஆராய்ச்சி! விசாரணையின்றிச் சிறையிலிட வழிவகுக்கும் ரௌலட் சட்டத்தை எவ்வாறு மீறுவது? உப்புச் சட்டமென்றால் உப்பெடுத்து மீறலாம்; 1930-இல் மீறினர். ஆட்சியாளர் கைவைத்தாலன்றி மீற வாய்ப்பே தராத சட்டத்தை என்செய்வது? வேறு சட்டங்களை மீறலாமா? அதற்கு எல்லை எது? தலைவர்கள் கூடிப் பேசினர். அறப்போருக்கு முழுமையான கைந்நூல் எழுதுக என்றார் விசயராகவாச்சாரியார். அது தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதென எண்ணினார் காந்தியார். அந்நிலையில் மசோதா சட்டமாகி வெளிவந்த செய்தி எட்டியது. அதையே எண்ணியவாறு கண்ணயர்ந்தார். உறக்கமும் விழிப்பும் கலந்த வைகறையில் கருத்துத் தோன்றிற்று.

இதுவா கனவு? பல நாள் உழைத்த மூளை, ஒரு காலையில் விடை கண்டது. தனியொருவன் மீற முடியாத சட்டத்தை, ஊரே கடையடைத்து மறுக்கலாம் என்பது கூர்த்த அறிவின் கண்டுபிடிப்பு அன்றோ? அதனைக் கனவென்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகுமா?

எனினும் பழி முழுவதும் மேடைப் பேச்சாளர்மேல் அன்று. கனவு போல் தோன்றியதென எழுதியவரே, ஆச்சாரியாரிடம் சொல்லும்போது கனவிலே வந்ததென்றார். நோன்பையும் வழிபாட்டையும் உடன் சேர்த்தார். முன்னுரையில் தம் முயற்சிகளை அறிவியலாரின் சோதனைக்கு ஒப்பிட்டவர், கருத்தைக் கனவிடம் ஒப்படைக்கலாமா? கருத்தோடு வாதாடலாம், கனவோடு வாதாட எவரால் இயலும்?

இதன் விளைவை 1934 சனவரியில் கண்டோம். பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, திருநெல்வேலியிலே பேசிய காந்தியார், அது தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்றார். தீண்டாமை ஒழிய வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், இடிபாட்டில் மாண்ட குழந்தை எவரைத் தீண்டாதென விலக்கியது? தீண்டாமைக்கு ஆளானவனின் குடிசையும் ஏன் சரிந்தது? தாகூர் மறுத்தெழுதினார், காந்தியார் தம் கூற்றை விடவில்லை.

அதே மனிதர் 1919 ஏப்ரலில், மக்களைப் பக்குவப்படுத்துமுன் சட்டமறுப்பைத் தொடங்கியது தம் இமாலயப் பிழையென வெளிப்படையாய் ஒப்பினார், போராட்டத்தை நிறுத்தினார். நிகழ்ச்சியைக் கண்டு முடிவைத் திருத்திய அந்தக் காந்தியாரைப் போற்றுவோம். தெய்வத் தண்டனை பேசியவரை மறுப்போம். இரண்டுக்கும் அவர் எழுத்தே சான்று தருகிறது.

இளைஞரே, வணங்குவதற்கும் வைவதற்கும் முன்னர், ஐந்தாம் பாகத்தின் அச்சில பக்கங்களையேனும் படியுங்கள். அடுத்த மேடையில் எவரேனும் கனவுக்கதை சொன்னால், எழுந்து நின்று, அதற்கு முன்னைய நாட்களில் அவ்வீட்டில் பேசப்பட்டது என்னவென்று பணிவுடன் கேளுங்கள்.