ராணி சொல்லாத சொல்லும் ரொட்டியின் விலையும்

சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, 'உலக வரலாற்றில் பெண்கள்'. நடுவர் நாற்காலியில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவனை நடுவராக்குவது நம் சங்கத்துக்கே உரிய தாராளம்! பிள்ளைகள் ஜான்சி ராணி, மேரி கியூரி, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத்தை எடுத்துக்கொண்டாள். ஜனங்களுக்கு ரொட்டி கிடைக்கவில்லை என்று சொன்னதற்கு, கேக் சாப்பிடலாமே என்று ராணி கேட்டாராம். அந்த ஒரு பேச்சால் புரட்சி வெடித்து, ராணியின் தலையே போயிற்றாம். நல்ல கைதட்டல். நானும் மார்க் போட்டுவிட்டேன். மேடையில் வைத்துக் குழந்தையைத் திருத்த மனசு வரவில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும், அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததை இப்போது எழுதித் தீர்த்துவிடலாம் என்று துணிந்தேன்.

குழந்தை மேல் குற்றமில்லை. 'உலகப் புகழ்பெற்ற மாதரசிகள்' என்கிற மாதிரி தலைப்பில் வருகிற பரிசுப் புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கேக் கதை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை அந்த ராணி சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. ரூசோ தம் சுயசரிதையில், பெயர் குறிப்பிடாமல், ஒரு பெரிய இளவரசி இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை அவர் எழுதியது 1760களில். மரீ அந்துவானெத் 1755இல் வியன்னாவில் பிறந்தவர். 1770இல்தான், பதினாலு வயசுப் பெண்ணாக, பிரான்சுக்கு வாழ வந்தார். ரூசோ எழுதியபோது அவர் வேறொரு நாட்டில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. போதாததற்கு, மூலத்தில் இருப்பது கேக்கும் அல்ல, பிரியோஷ். வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் செய்கிற உயர்ந்த வகை ரொட்டி அது.

ராணிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவருடைய செலவும் பிடிவாதமும் ஊரறிந்தவை. என் குறை வேறு. இந்தக் கதை ஒரு பெரிய நிகழ்ச்சியை ஒரு பெண்ணின் நாக்கில் கொண்டுபோய் முடிந்து வைக்கிறது. அப்படி முடிந்து வைத்ததும் ரொட்டியின் விலை மறைந்துபோகிறது. விலை மறைந்தால், அந்த விலையைத் தினம் தினம் எண்ணிக் கொடுத்த பல்லாயிரம் பெண்களும் மறைந்துபோகிறார்கள்.

நான் தானிய வியாபாரி. ஆகவே விலையிலிருந்தே தொடங்குகிறேன். 1788 ஜூலை 13இல் பிரான்சின் பெரும்பகுதியில் ஆலங்கட்டி மழை கொட்டி, அறுவடைக்கு நின்ற பயிரை நாசமாக்கியது. பின்னாலேயே கடுங்குளிர்காலம். பாரீசில் நாலு பவுண்டு ரொட்டி (நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைவு) சாதாரணமாக எட்டு, ஒன்பது சூ விற்கும். 'சூ' என்பது அந்நாட்டுச் சில்லறைக் காசு. 1789 பிப்ரவரியில் அதே ரொட்டி பதினாலரை சூ. கூலியாளின் ஒருநாள் சம்பளம் இருபதிலிருந்து முப்பது சூ வரை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டியாவது வேண்டும்.

இந்தக் கணக்கை என் வீட்டம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு ரொட்டி இருபத்தொம்பது, சம்பளம் இருபத்தஞ்சு. அப்போ வாடகை யாருங்க கொடுத்தாங்க?" நான் படித்த எந்தப் பெரிய ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் வியாபாரிக்குத்தான் சட்டென்று விளங்கும். அக்டோபர் மாதம் விலை ஏறியிருக்கவில்லை. பாஸ்டில் சிறை வீழ்ந்த பிறகு அதிகாரிகள் விலையைக் குறைத்து, ரொட்டி பன்னிரண்டு சூவுக்கு வந்துவிட்டது. 1789 விளைச்சலும் மோசமில்லை. ஆனால் மழையில்லாமல் ஆற்றில் தண்ணீர் வற்றியதால் மாவு ஆலைகள் ஓடவில்லை. கோதுமை இருக்கிறது, மாவு இல்லை. விலைப் பலகையில் விலை இறங்கியிருக்கிறது, கடையில் சரக்கு இல்லை. விடியுமுன்பே ரொட்டிக் கடை வாசலில் வரிசை. ஜனங்களுக்குக் கோபம் மூட்டுவதில் விலையேற்றத்தையும் மிஞ்சியது இந்த நிலைமை. ஏனென்றால் யாரோ ஏமாற்றுகிறான் என்கிற எண்ணம் அப்போதுதான் வரும்.

இந்த நேரத்தில், அக்டோபர் 1ஆம் தேதி, வெர்சாய் அரண்மனையில் படை அதிகாரிகளுக்குப் பெரிய விருந்து. அங்கே புரட்சியின் மூவர்ணச் சின்னத்தைக் காலில் போட்டு மிதித்தார்கள் என்ற பேச்சும் நகருக்கு வந்தது. அக்டோபர் 5, திங்கட்கிழமை காலை, சந்தைப் பெண்களும் மற்றப் பெண்களும் நகர மன்றத்தின் முன் கூடினார்கள். உள்ளே புகுந்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு, மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். பன்னிரண்டு மைல் தூரம். ஆறேழாயிரம் பெண்கள் என்கிறார்கள். மாலையில் போய்ச் சேர்ந்தபோது சேறும் ஈரமும் பசியுமாக இருந்தார்கள்.

அரசரைப் பார்க்கச் சில பெண்களை உள்ளே அனுப்பினார்கள். அவர்களுக்காகப் பேசியவள் லூயிசோன் ஷாப்ரி, சிற்பக் கூடத்தில் வேலை செய்த பதினேழு வயதுப் பெண். அரசர் முன் வாய் திறந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். அரசர் ஆறுதல் சொல்லி, தானியம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். அவளும் மகிழ்ச்சியாக வெளியே வந்தாள். வெளியே நின்றவர்கள், கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை. அரசர் வாயால் சொன்னாராம்! காசு வாங்கிவிட்டாள் என்று அவள் மேலேயே பாய்ந்தார்கள். தூக்கில் போடவும் போய்விட்டார்கள். மீண்டும் உள்ளே போய், கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது. அந்தப் பெண்ணை அடிக்கப் போனது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடன் கொடுத்து வாங்கிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

இனி இந்தப் பெண்களைப் பெரிய புத்தகங்கள் எப்படிப் பார்த்தன என்பதற்கு வருகிறேன். தாமஸ் கார்லைலின் 'பிரெஞ்சுப் புரட்சி' 1837இல் வெளிவந்தது. அதன் முதல் பாகக் கையெழுத்துப் பிரதி, நண்பர் மில் வசம் இருந்தபோது எரிந்துபோக, மனிதர் மறுபடி உட்கார்ந்து முழுதும் எழுதினார். ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடைகள் வரிசையாக இருந்த காலத்தில், அட்டை கிழிந்த பிரதி ஒன்றை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்தேன். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும் வழக்கம். இராத்திரி படிக்க நேரம் நிறைய உண்டு. மழையும் சேறும் கூச்சலும் நம் கண்முன் வந்து நிற்கும்படி எழுதுகிறார் கார்லைல். அந்த நடைக்கு இன்றும் மயங்குகிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு அவர் வைக்கும் பெயர் 'மீனாடுகள்'. கிரேக்கப் புராணத்தில் மதுக் கடவுளின் பின்னால் வெறியாடி ஓடுகிறவர்கள் அவர்கள். ஆறு மணி நேரம் நனைந்து நடந்து, போன இடத்தில் எழுத்து மூலம் உத்தரவு கேட்டவர்களுக்கு இதுவா பெயர்? வெறி பிடித்தவன் ரசீது கேட்பானா?

பிரெஞ்சுக்காரர் மிஷலே 1854இல் புரட்சியின் பெண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பாஸ்டிலைப் பிடித்த ஆண்களுக்குச் சமமாக, அதற்கும் ஒருபடி மேலாகவே, இவர்களை வைக்கிறார். சந்தோஷம். ஆனால் அவர் கண்ணுக்கு இவர்கள் தாய்மார்கள். பிள்ளையின் பசி பொறுக்காமல் கிளம்பிய இதயங்கள். இதயம் இருந்தது, யார் இல்லையென்றது? கணக்கும் இருந்தது. டிக்கன்ஸ் கார்லைலைப் படித்துவிட்டு 1859இல் 'இரு நகரங்களின் கதை'யை எழுதினார். அதில் வரும் தெஃபார்ஜ் அம்மாளை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒயின் கடைக்காரர் மனைவி, பழிதீர்க்க வேண்டியவர்களின் பேரேட்டைப் பின்னலிலேயே பின்னி வைத்திருப்பார். கணக்கு வைக்கத் தெரிந்த பெண்ணைக் கடைசியில் ஒரு பெரிய நாவலாசிரியர் கண்டுபிடித்தார். ஆனால் அவளை ராட்சசியாக்கிவிட்டார்!

ஜார்ஜ் ரூடே 1959இல் எழுதிய நூல்தான் எனக்குத் தாகம் தீர்த்தது. புரட்சிக் கூட்டங்களில் இருந்தவர்கள் யார், என்ன தொழில், எந்தத் தெரு என்று போலீஸ் பதிவேடுகளைப் புரட்டி, ரொட்டி விலையையும் கூலியையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தவர் அவர். அக்டோபர் நிகழ்ச்சிகளைப் பற்றி ஷாத்லே நீதிமன்றம் ஏறக்குறைய நானூறு பேரிடம் வாக்குமூலம் வாங்கியது. ஷாப்ரியின் கதையும் அந்த விசாரணையால்தான் நமக்குக் கிடைக்கிறது. ரூடேயின் எழுத்தில் கார்லைலின் அழகு கிடையாது. மளிகைச் சிட்டை மாதிரி இருக்கும். எனக்கு அது போதும்.

நான் ஏன் இதில் இவ்வளவு தூரம் முட்டிக்கொள்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 1973இல், பதினாலு வயதில், பம்பாயில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். மகாராஷ்டிரத்தில் கொடும் பஞ்ச காலம் அது. மிருணாள் கோரே, அகல்யா ரங்கணேகர் போன்றோர் தலைமையில் பெண்கள் தட்டும் பூரிக்கட்டையுமாகத் தெருவில் இறங்கி, விலைவாசியை எதிர்த்து ஊர்வலம் போனதை இந்த நகரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவிலும் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டது. கடையில் கடலை எண்ணெய் டின்கள் பரண்மேல் சாக்குக்குள் இருந்தன. முதலாளி பின்கட்டுக்குப் போய்விட்டார். "ஸ்டாக் இல்லேன்னு சொல்லுடா" என்பது உத்தரவு. சொன்னேன். ஒன்பது கஜப் புடவை கட்டிய வயதான அம்மாள் ஒருவர் என்னைப் பார்க்கவில்லை, பரணைத்தான் பார்த்தார். இரண்டு பேர் ஏணி வைத்து ஏறினார்கள். டின்களை இறக்கி, எண்ணி, விலைப் பலகையில் எழுதியிருந்த விலைக்கு என்னையே அளந்து ஊற்றச் சொன்னார்கள். வரிசை போட்டு நின்று, சில்லறை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போனார்கள். ஒரு சொட்டுகூட யாரும் இனாமாக எடுக்கவில்லை. அன்று நான் சொன்ன பொய் இன்னும் நாக்கில் இருக்கிறது.

பல வருஷம் கழித்து, பிரான்சில் 1775இல் நடந்த 'மாவுப் போர்' பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தானிய வியாபாரத்தின் கட்டுப்பாடுகளைத் துர்கோ என்ற அமைச்சர் 1774இல் தளர்த்தினார். விளைச்சல் குறைந்து விலை ஏறியது. ஜனங்கள் சந்தைகளிலும் கிடங்குகளிலும் புகுந்தார்கள். பல இடங்களில் அவர்கள் கொள்ளையடிக்கவில்லை. நியாயம் என்று தாங்கள் நினைத்த விலையை வைத்துவிட்டு மூட்டையை எடுத்துப் போனார்கள். அந்தக் கூட்டங்களிலும் பெண்கள் நிறைய.

ஆனாலும் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அரசரையும் குடும்பத்தையும் பாரீசுக்குக் கூட்டிவந்த அக்டோபர் 6 காலையில், அரண்மனைக் காவலர்கள் இருவரின் தலைகள் ஈட்டியில் ஏறின. அதற்குப் பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, பிரான்சுவா என்ற ரொட்டிக்காரர் சில ரொட்டிகளை ஒளித்து வைத்தார் என்று ஒரு பெண் குற்றம் சாட்ட, கூட்டம் அவரை இழுத்துப்போய்த் தூக்கில் போட்டது. அன்றே ராணுவச் சட்டம் வந்தது. அந்த ரொட்டிக்காரரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கடைப் பரண் ஞாபகம் வரும். பதுக்கிய நாங்கள் தப்பித்தோம். அவர் செத்தார்.

பெண்களுக்கு என்ன கிடைத்தது என்றால், அதிகமில்லை. பெண்ணுரிமைப் பிரகடனத்தை 1791இல் எழுதிய ஒலிம்ப் த கூஜை 1793 நவம்பர் 3இல் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். அதற்கு நாலு நாள் முன்புதான் பெண்களின் அரசியல் சங்கங்களையே தடை செய்திருந்தார்கள். பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944இல். பரிசுப் புத்தகங்களில் ராணிக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. ஷாப்ரிக்கு ஒரு வரி கிடையாது.

இந்தக் கட்டுரையை முடிக்குமுன் அந்தச் சிறுமியை வீட்டுக்கு அழைத்து, பொறுமையாக எல்லாம் சொன்னேன். கேக் கதை பொய் என்றதும் முகம் வாடியது. ஷாப்ரி மயங்கி விழுந்தது பிடித்திருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பேப்பர்ல என்ன தாத்தா எழுதியிருந்துச்சு?"

"பாரீசுக்குத் தானியம் அனுப்பணும்னு, கண்ணு. கீழே ராஜாவோட கையெழுத்து."