அச்சத்திற்கு ஒரு மரபணுவா?

சினந்த முகம் ஒன்றை இருவர் காண்கின்றனர். ஒருவர் நடுங்குகிறார், மற்றவர் அசையாதிருக்கிறார். இவ்வேற்றுமை பிறவியில் அமைந்ததா என்னும் வினா பழமையானது. மூளையைப் படம்பிடித்து அதற்கு விடை காண முயன்றது, அகமது ஹரிரியும் உடன் ஆய்ந்தோரும் 2002-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை. பின்வந்த ஆய்வுகள் பலவற்றிற்கு அது வழிகாட்டியாயிற்று. ஆதலின் அதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் தகும்.

நரம்புகளிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் செரோட்டோனின் ஒன்று. வேலை முடிந்ததும் அதனை மீண்டும் உள்ளிழுக்கும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதத்திற்குரிய மரபணுவின் முகப்பு, குறுகியது நீண்டது என இருவகைப்படும். குறுகிய வகையை உடையோர் அச்சமும் சினமும் காட்டும் முகங்களைக் கண்டபொழுது, ‘அமிக்டலா’ என்னும் மூளைப்பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது என்பதே கட்டுரையின் முடிவு.

நுட்பமான முயற்சிதான், ஐயமில்லை. ஆனால் ஆராயப்பட்டோர் எத்தனை பேர்? 28 பேர்! மனித குலத்தின் அச்சத்தை அளக்க இத்துணைச் சிறிய படி போதுமா?

போதாதெனக் காலமே காட்டிற்று. துன்பம் நேர்ந்தவிடத்து இம்மரபணு மனச்சோர்வை மிகுவிக்கும் என்று 2003-இல் ஒரு கூற்று எழுந்தது. 2009-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து, 14,250 பேரைப் பற்றிய செய்திகளை நோக்கியோர்க்கு அதற்குச் சான்று கிட்டவில்லை. அமிக்டலா பற்றிய ஆய்வுகளை 2013-இல் தொகுத்து நோக்கியோரோ, அதன் கிளர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் இம்மரபணுவின் பங்கு மிகுந்தால் நூற்றுக்கு ஒன்றே என்றனர்.

அங்ஙனமாயின் பிறவிக்குப் பங்கே இல்லையா? உண்டு. இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அதனைக் காட்டுகின்றன. ஆனால் அது ஒரு மரபணுவின் தனிச்சொத்தன்று. எண்ணிறந்த சிறு வேறுபாடுகள் கூடி நெய்த ஆடை. ஓர் இழையை உருவிக்கொண்டு ஆடையின் நிறம் இதுவெனச் சாற்றலாமோ?

பிழை, 28 பேரை ஆய்ந்ததில் இல்லை. தொடக்கம் சிறிதாகத்தான் இருக்கும். தொடக்கத்தையே தீர்ப்பாகக் கொண்ட விரைவே பிழை. உமிழ்நீரைச் சோதித்து இயல்பு கூறும் வணிகம் பெருகிவிட்ட இந்நாளில் இதனை மறத்தலாகாது. அஞ்சும் சிறுவனைப் ‘பிறவிக் கோழை’ என ஒரு தாளைக் காட்டி ஒதுக்குவது அறிவியலன்று. அவனுக்கு வேண்டுவது தேற்றுவாரின் துணை, முத்திரையன்று.