நடைவண்டி

மூன்று மரச்சக்கரம், நிற்கும் பிள்ளையின் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கைப்பிடி. நடைவண்டியில் இருப்பது இவ்வளவுதான். நடை பழகும் குழந்தைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பேன்.

பிள்ளை தானாக எழுந்து நின்று பிடித்தால்தான் வண்டி நகரும். தள்ளினால் போகும், நின்றால் நிற்கும். சுவரில் முட்டியதும் என்ன நடக்கிறது பாருங்கள்: இரண்டு முறை இடிக்கும், அண்ணாந்து நம்மைப் பார்க்கும், பிறகு மெல்ல வண்டியைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பப் பழகும். அந்த நேரத்தில் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதே பெரியவர்கள் செய்யும் உதவி.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி வலியுறுத்தியதும் இதைத்தான்: பிள்ளை தானே செய்யட்டும். நம் தச்சர்கள் அதை மரத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள்!

உட்கார வைத்து ஓட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு சங்கதி. அதில் பிள்ளை தன் எடையை முழுதாகத் தாங்குவதில்லை. படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. வாங்குவதானால் நடைவண்டியே வாங்குங்கள். விளிம்புகளை நன்றாக இழைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.