பழைய லைசென்ஸ், சுத்தமான விண்டோஸ் 11

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் மட்டுமே வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு. அதனால் விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர்களில் பெரும்பாலோர் திரையில் வரும் அப்கிரேட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பழைய விண்டோஸின் மேலேயே புதியது ஏறிக்கொள்கிறது. மற்றவர்கள் கணினியைக் கடைக்குத் தூக்கிப்போய், “ஃபார்மட் அடிச்சு புது ஓஎஸ் போட்டுக் கொடுங்க” என்கிறார்கள். சில கடைகளில் அப்போது நடப்பது கவலைக்குரியது. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உள்ளேயே இருக்கும் லேப்டாப்பில், கிராக் செய்த புரோ பதிப்பை ஏற்றித் தந்துவிடுகிறார்கள். உரிமையாளருக்கு அது தெரிவதேயில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. டிஸ்க்கை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, பழைய விண்டோஸ் 10-இன் லைசென்ஸிலேயே அதை ஓட்டலாம். புதிய சாவி வாங்க வேண்டாம், கிராக்கும் வேண்டாம். இதை இரண்டு கணினிகளில் செய்து பார்த்தேன். ஒன்று, உறவினர் ஒருவரின் கணக்கு அலுவலகத்தில் 2021 முதல் ஓடும் லேப்டாப். இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், வாங்கும்போதே வந்த விண்டோஸ் 10 ஹோம். மற்றது என் வீட்டு அசெம்பிள்டு டெஸ்க்டாப்; ரைசன் 5 3600 சிப், தனியாகப் பெட்டியில் வாங்கிய விண்டோஸ் 7 சாவியைக் கொண்டு இலவசமாக 10-க்கு ஏறியது. இரண்டிலும் புதிய விண்டோஸ் 11 தானாகவே ஆக்டிவேட் ஆனது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஆயத்தமில்லாமல் இறங்கினால் போவது திரும்ப வராது.

அப்கிரேட் லைசென்ஸ் வைத்திருப்பவர் பழையதன் மேல்தான் புதியதை ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அப்கிரேட் சிடியை வைத்துக் காலி டிஸ்க்கில் நிறுவினால், நடுவில் பழைய விண்டோஸின் சிடியைப் போடச் சொல்லும். 98 அல்லது 2000 சிடியைக் காட்டினால் போதும், சரிபார்த்துவிட்டு மேலே போகும். நேர்மையான ஏற்பாடு அது. 2007-இல் வந்த விஸ்டாவில் அந்தச் சரிபார்ப்பையே எடுத்துவிட்டார்கள். பழைய விண்டோஸுக்குள் நுழைந்து அங்கிருந்துதான் செட்டப்பைத் தொடங்க வேண்டும் என்றானது. ஆகவே மக்கள் சாவி கொடுக்காமல் ஒருமுறை விஸ்டாவை நிறுவி, அந்த விஸ்டாவுக்குள்ளிருந்தே சாவியோடு இன்னொரு முறை நிறுவினார்கள். ஒரே வேலைக்கு இரட்டை நேரம்.

2009 அக்டோபர் 22-இல் விண்டோஸ் 7 வந்தபோது அமெரிக்காவில் ஹோம் பிரீமியம் முழுப்பதிப்பின் விலை 199.99 டாலர், அப்கிரேட் பதிப்பு 119.99 டாலர். எண்பது டாலர் மிச்சம் என்று அப்கிரேட் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு மேலேற்றும் வழியே கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஆனால் டிஸ்க்கை முதலில் ஃபார்மட் செய்துவிட்டு டிவிடியிலிருந்து நிறுவினால், இந்தச் சாவி மேம்படுத்த மட்டுமே, புதிதாக நிறுவ அல்ல என்று சொல்லி ஆக்டிவேஷன் மறுத்துவிடும். அதற்கும் ஒரு வைத்தியம் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் ‘மீடியாபூட்இன்ஸ்டால்’ என்ற மதிப்பை 1-லிருந்து 0-க்கு மாற்றி, ஒரு கட்டளையால் லைசென்ஸ் நிலையைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்தால் சாவி ஏற்கப்படும். உரிய பணம் கட்டியவர், தன் உரிமையைப் பயன்படுத்த ரெஜிஸ்ட்ரிக்குள் கைவிட வேண்டியிருந்தது. பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில், எங்கிருந்து நிறுவுகிறாய் என்று பார்த்த வடிவமைப்பு அது.

இதை மாற்றியது விண்டோஸ் 10. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு அதை இலவசமாகத் தந்தார்கள். தொடக்கத்தில் ஒருமுறையாவது பழையதன் மேல் ஏற்றியாக வேண்டும். அப்படி ஏறியதும் அந்தக் கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை துடைத்து நிறுவினாலும் சாவி கேட்காது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து, 7 அல்லது 8.1-இன் சாவியை நேரடியாக அடித்தே சுத்தமாக நிறுவவும் முடிந்தது. சலுகைக் காலம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் அந்தச் சாவிகள் செல்லுபடியாயின. 2023 செப்டம்பரில் அந்தக் கதவை மூடினார்கள். அதற்கு முன் 10-க்கு ஏறிய கணினிகளின் டிஜிட்டல் லைசென்ஸ் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. என் டெஸ்க்டாப்பே அதற்குச் சாட்சி.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து இரண்டு செய்திகளைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் கொண்டு ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா? பதிப்பு ஹோமா, புரோவா? ஹோம் லைசென்ஸ் ஹோமை மட்டுமே ஆக்டிவேட் செய்யும், இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸை இணைத்துவைப்பதும் நல்லது. நாளை மதர்போர்டு மாற்ற நேர்ந்தால், தனியாக வாங்கிய லைசென்ஸை மீட்க அது உதவும். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸுக்கு அந்த இடமாற்ற உரிமை இல்லை.

அடுத்தது பேக்கப். படங்களையும் ஆவணங்களையும் நகலெடுக்க யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு சில. கணக்கு அலுவலக லேப்டாப் என்பதால் டேலியை முதலில் பார்த்தோம். ஃபார்மட்டுக்கு முன் டேலிக்குள் போய் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட வேண்டும், பிறகு புதிய நிறுவலில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். டேட்டா ஃபோல்டர் எந்த டிரைவில் இருக்கிறது என்று டேலியிலேயே பார்த்து எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது சி டிரைவில்தான் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் உள்ள சான்றிதழுக்கு ஆபத்தில்லை, அது டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் டிரைவர் மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும். லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ் எந்த மின்னஞ்சல் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய நாளில் கடைக்காரர் உருவாக்கிய ஏதோ ஒரு கணக்கில் அது இருந்தால், துடைத்த பிறகு தேடுவது பெரும்பாடு.

நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்து எழுத்துருக்கள். வானவில் அவ்வையார், பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் இன்னும் எத்தனையோ கணினிகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். விண்டோஸ் 10-இல் சில எழுத்துருக்கள் பயனரின் சொந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் ஒளிந்திருக்கும், அங்கும் பாருங்கள். தட்டச்சுக்குக் கவலையில்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வருகின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11-ஐ எழுதிக்கொண்டேன். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, எல்லாம் அழியும் என்பதை ஒப்புக்கொள்ளும் கட்டத்தை டிக் செய்து மேலே போனால், லேப்டாப்பில் டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தது. எஸ்எஸ்டி பழுதாகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் டிஸ்க் இருக்கிறது, அதற்கான டிரைவர் செட்டப்பில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதை விரித்து அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து, ‘லோட் டிரைவர்’ பொத்தானால் ஏற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது. இதைத் துடைக்கும் முன்பே இறக்கிவைப்பது நல்லது. டிஸ்க் செத்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் திரையில்தான் ஓடுகிறார்கள்.

டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்து, ஒதுக்கப்படாத ஒரே இடமாக்கிவிட்டு அடுத்து என்று அழுத்தினால் போதும். தேவையான சிறு பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும். இரண்டு டிஸ்க் உள்ள டெஸ்க்டாப்பில் நான் இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்தேன். அளவைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பார்கள். ஆண்டாண்டுப் படங்கள் கிடக்கும் டிஸ்க்கில் அந்தத் துணிச்சல் வேண்டியதில்லை.

சாவித் திரை இரண்டு கணினிகளிலும் வேறுவேறாக நடந்துகொண்டது. லேப்டாப்பில் அது வரவேயில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் சாவியைக் கணினியின் ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். செட்டப் அதைப் படித்து, ஹோம் என்று தானே முடிவு செய்துகொண்டது. டெஸ்க்டாப்பில் சாவி கேட்டது. ‘என்னிடம் சாவி இல்லை’ என்பதைத் தேர்ந்து, பழைய லைசென்ஸின் பதிப்பையே தேர்ந்தெடுத்தேன். இணையம் கிடைத்ததும் சர்வர் வன்பொருளை அடையாளம் கண்டு ஆக்டிவேட் செய்துவிட்டது. அந்தப் பழைய விண்டோஸ் 7 பெட்டியின் சாவியை எங்கும் அடிக்கவில்லை.

நிறுவி முடிந்து முதல் அமைப்புக்கு வரும்போது லேப்டாப்பின் வைஃபை டிரைவர் இல்லாததால் நெட்வொர்க் திரையில் வண்டி நின்றது. ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டதும் நகர்ந்தது. இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். ஹோம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் நுழைய முன்பு இருந்த சுற்றுவழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவருகிறார்கள். புரோவில் ‘டொமைன் ஜாயின்’ வழியாக உள்ளூர்க் கணக்கு போடலாம். ஒரே கணினியைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் சிறு அலுவலகத்துக்கு, யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கை அதன் தலையில் கட்டுவது பொருந்தவில்லை.

கணக்கோடு நுழைந்தால் இன்னொன்றும் நடக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டிலிருந்து, சுத்தமாக நிறுவிய கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ பழுதின்போதோ 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கலாம். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது, அதைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வையுங்கள். ஒன்டிரைவ் பேக்கப்பையும் உடனே பாருங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை அதற்குள் இழுத்துக்கொண்டால் சில நாளில் இடமில்லை என்ற எச்சரிக்கை தொடங்கிவிடும்.

பலன் என்ன? லேப்டாப்பில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. சோதனைக்கால ஆன்டிவைரஸ், தயாரிப்பாளர் திணித்த உதவி மென்பொருள்கள், எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் மிச்சங்கள் எல்லாம் போயின. ஸ்டார்ட் செய்ததும் மின்விசிறி அலறுவது நின்றது. 8 ஜிபி ரேமில் டேலி, எக்செல், பத்துப் பதினைந்து பிரௌசர் டேப்கள் ஒன்றாக ஓடுகின்றன. டெஸ்க்டாப்பில் அவ்வளவு மாற்றமில்லை, அது முன்பும் ஓரளவு சுத்தமாகவே இருந்தது. ஸ்டார்ட் மெனுவில் நான் கேட்காத சில ஆப்களின் படங்கள் புதிய நிறுவலிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

கணினி நன்றாக ஓடுகிறது, எரிச்சலூட்டும் எதுவும் இல்லை என்றால் அப்கிரேட் பொத்தானே போதும், இவ்வளவு உழைப்பு வேண்டாம். நிறுவல் கோப்பு கையில் இல்லாத பழைய பில்லிங் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் துடைக்கவே கூடாது. நாலைந்து வருடக் குப்பை சேர்ந்த, மெதுவாகிப்போன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடைக்கே கொடுப்பதானாலும், “இதுல இருக்கிற லைசென்ஸ்லயே போடுங்க, ஹோம் பதிப்பே போதும்” என்று சொல்லிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹோமாக இருந்தது புரோவாக மாறியிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சிப்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மதர்போர்டு ஆகியவை விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ வரம்புக்கு வெளியே நிற்கின்றன. டிபிஎம் பல போர்டுகளில் பயாஸில் அணைந்தே கிடக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாத கணினிகளில், ரூஃபஸ் கருவியால் இந்தச் சோதனைகளைத் தாண்டியும் நிறுவ முடியும். வீட்டில் படம் பார்க்கும் கணினிக்கு அதைச் செய்யலாம். ஆனால் வரம்பைத் தாண்டி நிறுவிய கணினிக்கு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் இருக்கும் கணினியில் அதை நான் போட மாட்டேன்.